அடைக்கோழியை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி:

என்னிடம் 14 கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. எல்லாம் ஒரே கூட்டில்தான் அடைகின்றன. சென்ற முறை இரண்டு கோழிகள் ஒரே சமயத்தில் அடைக்கு உட்கார்ந்தன. இடுப்பு உயரத்தில் வரிசையாக வைத்திருக்கும் முட்டைப் பெட்டிகளிலேயே விட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து 15 குஞ்சுகள் பொரித்தன. பத்தே நாளில் 4 தான் மிஞ்சின. இரண்டு, பெட்டிக்குக் கீழே விழுந்து விறைத்துக் கிடந்தன. மூன்று, தலையில் கொத்துப்பட்டுச் செத்தன. ஒன்று தண்ணீர்ச் சட்டியில் மிதந்தது. மற்ற ஐந்தும் இரவோடு இரவாகக் காணாமல் போயின. ஓர் இறகுகூடக் கிடக்கவில்லை. கூட்டைச் சுற்றிக் கோழி வலை அடித்திருக்கிறேன். இப்போது வேறொரு கோழி 11 முட்டைகள் மேல் உட்கார்ந்து 8 நாள் ஆகிறது. இன்னொன்றும் அடைக்குத் தயாராகிறது. தனியாகப் பிரிக்கலாமா? பிரித்தால் அடை கலைந்துவிடுமா? கூடு எவ்வளவு பெரியதாக வேண்டும்? பல்பு போட வேண்டுமா? எப்போது மற்ற கோழிகளோடு விடலாம்?

பதில்:

பதினொரு குஞ்சுகள் போன விதத்தை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் "குஞ்சு தங்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவற்றில் ஒன்றுகூட நோயில் சாகவில்லை. பதினொன்றும் இருந்த இடத்தால் போனவை. அதனால் மருந்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, கூட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

உங்கள் கோழிகள் மேல் எந்தக் குறையும் இல்லை. 21 நாள் பசியையும் தாகத்தையும் குறைத்துக்கொண்டு உட்கார்ந்து 15 குஞ்சு பொரித்திருக்கின்றன. முட்டையைப் புரட்டுவது, சூடு கொடுப்பது, இரையைக் கொத்திக் காட்டிக் குஞ்சைக் கூப்பிடுவது எல்லாம் அவற்றுக்குத் தெரியும். எலி நுழையும் ஓட்டையை அடைக்கத்தான் தெரியாது. அது நம் வேலை.

முதலில் உயரம். ஒரு நாள் வயதுக் குஞ்சு பெட்டி விளிம்பில் ஏறி எட்டிப் பார்க்கும், தவறிக் கீழே விழும். விழுந்த அடியில் சாவது குறைவு. திரும்ப ஏற முடியாமல்தான் சாகிறது. அதன் உடம்பில் இருப்பது வெறும் பஞ்சுத் தூவி. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அந்த வயதில் கிடையாது. தாயோ மேலே பொரிந்துகொண்டிருக்கும் மற்ற முட்டைகளை விட்டு இறங்காது. கீழே கத்திக் கத்தி, கொஞ்ச நேரத்தில் விறைத்துவிடும். அடைப் பெட்டி தரையில்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வாசலில் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு பலகை மட்டும் இருந்தால் போதும். முட்டை உருளாது. குஞ்சு வெளியே வந்தாலும், ஒரு செங்கல்லைப் படியாக வைத்துவிட்டால் தானே ஏறிக்கொள்ளும்.

அப்புறம் கொத்துப்பட்ட மூன்று. இது மற்ற கோழிகளின் வேலையாக இருக்கலாம், கூட உட்கார்ந்திருந்த இன்னொரு தாயின் வேலையாகவும் இருக்கலாம். ஒரு தாய்க்கோழி தன் குஞ்சின் குரலையும் நிறத்தையும் ஓரிரு நாளில் பழகிக்கொள்ளும். அதன் பிறகு அடுத்த தாயின் குஞ்சு இறக்கைக்குள் நுழைய வந்தால் கொத்தித் தள்ளும். இரண்டு அடைக்கோழிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வேறு தொல்லைகளும் உண்டு. ஒன்று மற்றதன் முட்டையைத் தன் அடியில் இழுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் போய் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். அதற்குள் மற்றொரு பெட்டி முட்டைகள் ஆறிப்போகும். பொதுக்கூட்டில் இருந்தால் முட்டையிடும் கோழிகளும் அதே பெட்டிக்குள் புகுந்து புது முட்டை இட்டுவிட்டுப் போகும். முதல் முட்டை பொரிந்து தாய் எழுந்திருக்கும் நாளில் அந்தப் புது முட்டைகளில் கரு பாதிதான் வளர்ந்திருக்கும். இப்போது உட்கார்ந்திருக்கும் கோழியின் 11 முட்டைகளிலும் இன்றே பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். வட்டம் இல்லாத முட்டை தென்பட்டால் அன்றன்றே எடுத்துவிடலாம்.

காணாமல் போன ஐந்துதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சுவடே இல்லாமல், இரவில், ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது என்றால் எலி அல்லது பாம்பு என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். நாய் வந்திருந்தால் வலை கிழிந்திருக்கும், இறகு சிதறியிருக்கும், பெரிய கோழிகளும் அடிபட்டிருக்கும். காகமும் பருந்தும் கீரியும் பகலில் வரும். பெருச்சாளி தூங்கும் தாயின் அடியிலிருந்தே குஞ்சை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விடும். பாம்பு அங்கேயே விழுங்கிவிடும். கூட்டின் நான்கு சுவரோரமும் நடந்து பாருங்கள். கையளவு வளை, புதிதாகத் தோண்டிய மண், மரப் பலகையில் பல் தடம், தீனித் தொட்டியைச் சுற்றிக் கறுப்புப் புழுக்கை, இவற்றில் ஏதாவது கிடைத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கோழி வலை அடித்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அறுகோணக் கண் உள்ள அந்த மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். உள்ளே வருவதைத் தடுக்காது. எலி அந்தக் கண்ணில் புகுந்துவிடும், இல்லாவிட்டால் கடித்து அகலமாக்கிக்கொள்ளும். பூனை வெளியிலிருந்தே கையை விட்டு இழுக்கும். குஞ்சுகளே முதல் வாரத்தில் அதன் வழியாக வெளியே வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை. வெல்டு மெஷ் என்று கேட்டால் கிடைக்கும். வளர்ந்த எலியும், குஞ்சை விழுங்கும் அளவு தடித்த பாம்பும் அரை அங்குலத்தில் நுழைவது கடினம். முழுக் கூட்டுக்கும் போட முடியாவிட்டாலும் தாயும் குஞ்சும் இருக்கும் பகுதிக்காவது ஆறு பக்கமும் போடுங்கள். ஆறு என்று சொல்வதைக் கவனியுங்கள். கூரைக்கு அடியில் காற்றுக்காக விட்ட இடைவெளியும், தரையும் அதில் சேர்த்தி.

தரை சிமென்டாக இருந்தால் நல்லது. மண் தரை என்றால், வலையைத் தரையில் விரித்து அதன் மேல் நாலு அங்குலம் மண்ணைப் போட்டு மூடிவிடலாம். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஓர் அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்கவைத்து, கல்லோ மண்ணோ போட்டு அழுத்திவிடுங்கள். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும். காலுக்கடியில் கம்பி இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் ஏற்கெனவே கூட்டுக்குள் வளை இருந்தால் இந்த விளிம்பு உதவாது. முதலில் அந்த வளையைக் கல்லும் சிமென்டும் வைத்து அடையுங்கள். எலி விஷம் மட்டும் வைக்காதீர்கள். விஷம் தின்று மயங்கிக் கிடக்கும் எலியைக் கோழி கொத்தும். குஞ்சுகள் விஷக் கட்டியையே கொத்தும். பொறி வைக்கலாம், அதையும் குஞ்சு போக முடியாத பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

வலையை அடிக்கும்போது சின்ன ஆணிகளை மட்டும் நம்பாதீர்கள். ஓரத்தில் ஒரு மரச்சட்டத்தை வைத்து அழுத்தி ஸ்க்ரூ போடுங்கள். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் எலிக்குஞ்சும் நுழையும். பொழுது சாய்ந்ததும் தீனித் தொட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். எலியைக் கூப்பிடுவது கோழி அல்ல, சிந்திய தீனிதான்.

சரி, இனி உங்கள் கேள்விகள். கட்டாயம் பிரியுங்கள். ஆனால் கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பொதுக்கூட்டுக்குள்ளேயே ஒரு மூலையை வலையால் தடுத்துத் தனியறையாக்கினால் போதும். மற்ற கோழிகள் வலை வழியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கூட்டத்தை விட்டு ஒன்றரை மாதம் கண் மறைவாக இருந்த கோழி திரும்பி வந்தால், மற்றவை அதைப் புதிய கோழியாகவே நினைத்து அடிக்கும். பிரித்தும் பார்வையில் வைத்திருந்தால், சேர்க்கும்போது அந்தச் சண்டை வெகுவாகக் குறையும்.

அடை கலையுமா என்ற பயம் நியாயமானது. அடைக்கோழியின் மனதில் பதிந்திருப்பது முட்டையைவிட இடம்தான். பகலில் தூக்கிப் புது இடத்தில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து விட்டால், நேராகப் பழைய பெட்டிக்கே போய் வெறும் வைக்கோல் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் உட்கார்ந்த கோழி லேசில் அடையை விடாது. நன்றாக இருட்டிய பிறகு இரண்டு பேராகச் செய்யுங்கள். புதுப் பெட்டியில் பழைய வைக்கோலையும் கொஞ்சம் போட்டு, நடுவைக் கிண்ணம் போலக் குழித்து வைத்திருங்கள். ஒருவர் கோழியின் அடியில் இரண்டு கையையும் விட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், பாதி வழியில் விழும், அதைத் தடவிப் பாருங்கள். முட்டைகளை முதலில் வைத்து, அப்புறம் கோழியை மேலே விட்டு, பெட்டியின் முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிடுங்கள். தனியறைக் கதவை மறுநாள் முழுவதும் திறக்கவே கூடாது.

விடிந்ததும் போய்ப் பாருங்கள். உட்கார்ந்திருந்தால் கவலை விட்டது. எழுந்து சுற்றிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. தினமும் தீனிக்கும் தண்ணீருக்கும் அது எழுந்துபோகும் நேரம்தான் அது. அப்போதும் உட்காராவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் பழைய பெட்டிக்கே திருப்பிவிடுங்கள். மற்ற கோழிகள் நுழையாதபடி அந்தப் பெட்டியின் வாயை வலையால் மூடி, நாளுக்கு ஒருமுறை நீங்களே திறந்து இறக்கிவிட்டு, தின்று எச்சமிட்டதும் ஏற்றி மூடுங்கள். பொரிக்க ஆரம்பித்த பிறகு பெட்டி வாசலில் ஆறு அங்குலப் பலகை ஒன்றைச் செருகிவைத்து, பொரித்து முடித்த அன்று இரவே தாயையும் குஞ்சுகளையும் கீழே இறக்கிவிடலாம். இந்தப் பதிலை நீங்கள் படிக்கும்போது 18 நாள் கடந்திருந்தால் இடம் மாற்றவே வேண்டாம். கடைசி மூன்று நாள் அசைக்கக் கூடாத நாட்கள். முட்டைக்குள் குஞ்சு கத்தத் தொடங்கும், தாயும் உள்ளிருக்கும் குஞ்சுக்குத் தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் விலகி நில்லுங்கள். ஓடு உடைத்து உதவி செய்யப் போகாதீர்கள்.

அடைக்குத் தயாராகும் இரண்டாவது கோழிக்கு வேலை சுலபம். முதல் முட்டையை வைப்பதற்கு முன்பே அதை அதன் தனியறைக்கு மாற்றிவிடுங்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொய் முட்டை மூன்று நாலு வைத்து இரண்டு இரவு பாருங்கள். அசையாமல் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் இரவு நல்ல முட்டைகளை ஒரே தடவையில் வையுங்கள். உடம்பு முழுவதும் மூட முடிகிற அளவுக்கு மட்டும். நடுத்தரக் கோழிக்கு 10 முதல் 12 போதும். இரண்டு அறைகளுக்கும் நடுவில் வலை வேண்டாம், தரையிலிருந்து ஒன்றரை அடிக்காவது பலகை அடியுங்கள். வலை வழியே தலையை நீட்டும் குஞ்சை அடுத்த தாய் கொத்தும்.

அளவு கேட்டீர்கள். உட்காரும் காலத்தில் ஒரு கோழிக்கு மூன்றடிக்கு இரண்டடித் தரை போதும். அதன் ஒரு மூலையில் 14 அங்குலச் சதுரத்தில் பெட்டி. தீனியும் தண்ணீரும் எதிர் மூலையில் இருக்கட்டும். பெட்டியை ஒட்டி வைத்தால் கோழி எழுந்திருக்காமலே தின்று, அங்கேயே எச்சமிட்டு, முட்டையை அழுக்காக்கும். பொரித்த பிறகு அந்த இடம் பற்றாது. பத்துக் குஞ்சோடு ஒரு தாய்க்கு ஆறடிக்கு நாலடி கொடுங்கள். மூன்று வாரத்துக்கு அது தாங்கும். பகலில் பஞ்சாரம், அதாவது கோழியை மூடிவைக்கும் பெரிய கூடையைக் கவிழ்க்கும் பழக்கம் இருந்தால் அது காகத்துக்கும் பருந்துக்கும் நல்ல பாதுகாப்புதான். நிழலில் வையுங்கள், உள்ளே தண்ணீர் இருக்கட்டும். இரவுக்கு மட்டும் பஞ்சாரத்தை நம்பாதீர்கள்; அதன் அடி விளிம்பை ஓர் எலி ஒரே இரவில் தோண்டிவிடும்.

தரையில் உமியோ மரச்சீவலோ இரண்டு மூன்று அங்குலம் போடுங்கள். செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழவழப்பில் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, நிரந்தரமாக நொண்டிப்போகலாம். படுக்கை எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை குஞ்சுகளைத் தாக்கும் ரத்தக் கழிச்சல் ஈரப் படுக்கையில்தான் பெருகுகிறது. எச்சத்தோடு வெளியே வரும் அந்தக் கிருமி, ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே தண்ணீர்ச் சட்டியைச் சுற்றியுள்ள நனைந்த உமியைத் தினமும் அள்ளிப் போடுங்கள். குஞ்சு சிறகைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடி ஓரமாக நின்றாலோ, எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்து உண்டு, ஆனால் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பலன் இல்லாமல் போகலாம். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான தடுப்பு மருந்தை எந்த வயதில் போடுவது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் மிதந்த குஞ்சுக்கு வருவோம். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத தட்டு வையுங்கள், அதில் கூழாங்கற்களை நிரப்பிவிடுங்கள். குஞ்சு கற்களுக்கு நடுவிலுள்ள தண்ணீரைக் குடிக்கும், விழுந்தாலும் மூழ்காது. இவ்வளவுதான்.

தீனியில் ஒரே ஒரு எச்சரிக்கை. முட்டைக் கோழித் தீனியைக் குஞ்சு தின்னக் கூடாது. அதில் முட்டை ஓட்டுக்காகச் சேர்த்திருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய்க்கும் சேர்த்துக் குஞ்சுத் தீனியையே வைத்துவிடுங்கள். அது இப்போது முட்டையிடவில்லை, சுண்ணாம்பு குறைவதால் நஷ்டமில்லை. பொரித்த முதல் நாள் குஞ்சு எதுவும் தின்னவில்லையே என்று பதறாதீர்கள். முட்டையின் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போயிருக்கும்; இரண்டு நாள் அதிலேயே தாக்குப்பிடிக்கும். கடைசி முட்டை பொரியும்வரை தாய் உட்கார்ந்திருப்பதற்கு இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. முதல் குஞ்சு வந்து இரண்டு நாள் கழித்தும் பொரியாதவை கூமுட்டைதான், எடுத்துவிடுங்கள்.

பல்பு வேண்டாம். கோழியின் உடம்புச் சூடு கிட்டத்தட்ட 41 டிகிரி செல்சியஸ். அதைவிட நல்ல அடுப்பு கிடையாது. பல்பு போட்டால் குஞ்சுகள் தாயை விட்டு வெளிச்சத்துக்குப் போகும், இரவெல்லாம் தூங்காமல் ஒன்றையொன்று கொத்தும். உலர்ந்த உமிமேல் பல்பு விழுந்து தீப்பிடித்த கூட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. தாய் செத்துப்போனாலோ, குஞ்சுகளைச் சேர்க்க மறுத்தாலோ மட்டும் செயற்கைச் சூடு தேவைப்படும். இரவில் குஞ்சுகள் ஓயாமல் கத்தினால் குளிர் அடிக்கிறது என்று அர்த்தம். தரை மட்டத்தில் காற்று புகும் இடத்தைப் பலகையால் மறையுங்கள். மேலே கூரையோரக் காற்றோட்டத்தை அடைக்காதீர்கள். மழையில் நனைந்த குஞ்சு சீக்கிரமே விறைத்துவிடும், ஆகவே அவை ஓடியாடும் இடத்துக்கும் கூரை வேண்டும்.

பேனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடைக்கோழி மண்குளியலுக்கு அதிகம் போகாமல் மூன்று வாரம் உட்கார்ந்திருப்பதால் பேனும் உண்ணியும் அதன்மேல் பெருகும். கூட்டின் இடுக்குகளில் பகலில் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் ரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி ஒன்று உண்டு. இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பெட்டியின் மூலைகளைப் பாருங்கள். கொண்டை வெளுத்து, கோழி பெட்டியை விட்டு எழுந்து நின்றால் அதுதான் காரணமாக இருக்கும். இரண்டாவது கோழிக்கு முட்டை வைக்கும் முன்பே மருத்துவர் சொல்லும் பேன் பொடியைப் போட்டுவிடுங்கள். குஞ்சு பொரித்த பிறகு பொடி போட்டால் அது குஞ்சின் மூச்சிலும் வாயிலும் போகும். தனியறையின் ஓரத்தில் ஒரு தட்டில் உலர்ந்த மண்ணும் சாம்பலும் வைத்தால் தாய் எழும்போது புரண்டுகொள்ளும்.

கடைசியாக, எப்போது சேர்ப்பது? குஞ்சுகளுக்கு மூன்று நாலு வாரம் ஆனதும், பகலில், விசாலமான வெளியில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தனியறைக் கதவைத் திறந்துவிடுங்கள். தாய் கூடவே இருக்கும்போது சேர்ப்பதுதான் நல்லது. குஞ்சை நெருங்கும் கோழியை அது ஒரே பாய்ச்சலில் விரட்டிவிடும், மற்றவையும் சீக்கிரம் புரிந்துகொள்ளும். தாய் கைவிட்ட பிறகு தனியாக விட்டால் குஞ்சுக்கு ஆதரவு கிடையாது. குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு, இரண்டு அங்குல இடைவெளி உள்ள ஒரு தடுப்புக்குப் பின்னால் தீனி வையுங்கள். துரத்தினால் ஓடி ஒளியவும் அதுவே இடமாகும். இரவில் மட்டும் ஏழெட்டு வாரம் வரை தனியறையிலேயே அடையுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஓர் ஆபத்து உண்டு. ஐந்தாறு வாரத்தில் தாய்க்குத் தன் பழைய நினைவு வரும். பொழுது சாய்ந்ததும் உயரமான கழியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குஞ்சுகள் கீழே கத்திக்கொண்டு நிற்கும். அந்த இரவுகளில்தான் மறுபடி எண்ணிக்கை குறையும். தனியறையில் தரையிலிருந்து எட்டு அங்குலத்தில் ஒரு கழியை இப்போதே கட்டிவிடுங்கள், அதைவிட உயரமாக எதுவும் இருக்க வேண்டாம். தாய் அதில் உட்கார்ந்தால் குஞ்சுகளும் தத்தி ஏறி அதன் இறக்கைக்குள் நுழைந்துகொள்ளும்.

தினமும் கதவைச் சாத்தும்போது எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் எந்த நேரத்தில், எந்த மூலையில், உடல் கிடைத்ததா இல்லையா என்று இந்த முறை எழுதியது போலவே எழுதி அனுப்புங்கள். எங்கே ஓட்டை இருக்கிறது என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.